ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்த கணினி

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு எங்கள் வீட்டில் மேசை போட ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியது. அவள் கட்டிலை ஒட்டி, வலது கைப்பக்கம். ராயபுரத்தில் மாதா கோயிலைத் தாண்டி உள்ளே திரும்பினால் வரும் குடியிருப்பில் மொட்டை மாடிக்குக் கீழ் மாடி எங்களுடையது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. கட்டில் போட்டால் ஆள் நடக்க இடமில்லை. ஆகவே பழைய கணினி வீட்டுக்கு வந்தபோது அதுவும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டியதாயிற்று.

அதை ஒரு காயலான் கடையில் பார்த்தேன். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் தன் கிடங்கைக் காலி செய்தபோது கிரைண்டர், உடைந்த பெஞ்சு இவற்றோடு வந்து விழுந்திருந்தது. எண்பதுகளில் இங்கிலாந்திலிருந்து நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்த வகை. விசைப்பலகையும் கணினியும் சேர்ந்து ஒரே பெட்டி. மேல் வரிசையில் சிவப்பு விசைகள். நான் படித்த பள்ளியிலும் அதே மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்போம். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். பத்தாவது முடித்ததும் அம்மா என்னை எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்த்துவிட்டாள். சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துத் தள்ளும் மேசையில் என் இளமை போயிற்று. தொழிற்சாலை மூடிய பிறகு திருவொற்றியூரில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் ஒரு கடையில் சேர்ந்தேன். கல்யாணம் ஒன்று நடந்தது. அவர் ஒருநாள் சொல்லாமல் போய்விட்டார். நான் அம்மாவிடம் திரும்பினேன்.

அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவள். அவள் குரல் கடலலையைத் தாண்டிக் கேட்கும் என்பார்கள். நான் துணிப்பெட்டியோடு வந்து நின்ற மறுநாள் விடிகாலை, ஏலத்தின் நடுவே, அதே குரலில் அவள் சொன்னதைப் பத்துப் பேர் என்னிடம் வந்து சொன்னார்கள். "என் பொண்ணு திரும்பி வந்துட்டா. ஐஸ் வெக்காத மீனு மாரி. எவனாச்சும் கேக்குறீங்களா?" எல்லோரும் சிரித்தார்களாம். அவளுக்கு அது போதும். ஆட்களைச் சிரிக்க வைக்க அவள் யாரையும் வெட்டிப் போடுவாள்.

பக்கவாதம் அவள் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிட்டது. டாக்டர் அதை அதிர்ஷ்டம் என்றார். வலது கையும் பழையபடியே இருந்தது. ஐஸ் பெட்டி தூக்கிய கை. தூக்கி உட்கார வைக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தால் விரல் தடம் சாயங்காலம் வரை நிற்கும்.

பகலில் நான் கடைக்குப் போய்விடுவேன். எதிர் வீட்டு அக்கா மத்தியானம் வந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டி, துணி மாற்றிவிட்டுப் போவாள். காலையில் ஒரு பள்ளியில் பெருக்கும் வேலை அவளுக்கு. என்னை விடக் கொஞ்சம் மூத்தவள். அவளிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது.

கணினியை உயிர்ப்பிக்க மாசக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் தரும் பகுதியில் வெடித்துப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். விசைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவினேன். கடைசியில் ஒருநாள் சுவிட்சைப் போட்டதும் அடித்தொண்டையில் ஒரு சின்ன உறுமல், உடனே ஒரு கீச்சு. அதற்கென்றே வாங்கிய ஒரு பழைய டிவியில் கணினியின் பெயரும் கீழே ஒரு கோடும் மின்னின. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வேண்டிய ஃப்ளாப்பி வட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்து எப்போதோ போய்விட்டன.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு வாட்ஸாப் குழுவில் இதைப் போட்டேன். பெங்களூரில் இருந்த ஒருவர், சேலத்துக்காரர், கூரியரில் ஒரு சின்ன போர்டு அனுப்பினார். கணினி கண் விழித்ததும் தான் யார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படித்துக்கொள்வது 'ரோம்' என்ற ஐசியிலிருந்துதான். பழைய ரோமைக் கழற்றி அந்தப் போர்டின் முதுகில் வைத்து, போர்டின் கால்களைப் பழைய ரோம் இருந்த சாக்கெட்டில் அமுக்க வேண்டும். போர்டில் இன்னும் சில ரோம்கள் ஏற்கெனவே இருந்தன. அவை கணினிக்கு மெமரி கார்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும். அந்தக் காலத்து விளையாட்டுகள், பாடங்கள், படம் வரையும் நிரல்கள் எல்லாம் ஒரு நகத்தளவு கார்டில் வந்துவிடும்.

"ஓட வெச்சிட்டீங்கன்னா இங்க எடுத்துட்டு வாங்க. வருஷா வருஷம் ஒரு ஹால்ல எல்லாரும் கூடுவோம். சென்னையில இருந்து யாருமே இந்த மெஷின் கொண்டு வந்ததில்ல" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து போர்டைப் பொருத்தினேன். உறுமல், கீச்சு. திரையில் வழக்கமான வரிக்குக் கீழே புதிதாக இன்னொரு வரி வந்தது. கார்டிலிருந்து ஒரு நிரலை அழைத்தேன். பல நிறங்களில் கோடுகள் விசிறி மாதிரி விரிந்து திரையை நிரப்பின. நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

"இன்னாடி பல்லு தெரியுது?" என்றாள் அம்மா.

"வேல செய்யுதும்மா."

"செஞ்சா?"

"பெங்களூரு எடுத்துகினு போகணும். கூப்புட்டுருக்காங்கோ. மூணு நாளு."

அம்மா திரையைப் பார்த்தாள். "எனக்கு யாரு பீ மூத்திரம் அள்ளுவா?"

"தம்பி பொண்டாட்டிய வர சொல்றேன்."

"வருவா, வருவா. வந்து என் மூக்க பொத்திட்டு போவா."

அன்று முழுக்கக் கணினி ஓடியது. திங்கட்கிழமை கடையிலிருந்து வந்து சுவிட்சைப் போட்டேன். உறுமல் வந்தது. நிற்கவே இல்லை. திரை கறுப்பாக இருக்க, பெட்டி ஒரே சுருதியில் அலறிக்கொண்டிருந்தது. ரோமைப் படிக்க முடியாவிட்டால் அது அப்படித்தான் கத்தும்.

"அத்த நிறுத்துடி. மண்ட இடிக்குது" என்றாள் அம்மா.

திருகாணி போடாமல் சும்மா வைத்திருந்த மூடியைத் திறந்து போர்டை வெளியே எடுத்தேன். கால்களை ஸ்பிரிட்டால் துடைத்துத் திரும்ப அமுக்கினேன். உடனே உயிர் வந்தது. கடல் காற்று. எங்கள் பக்கம் இரும்புக் கம்பி, சைக்கிள், அம்மாவின் கட்டில் கால் எதையும் அது விட்டுவைப்பதில்லை. கால்களில் கறுப்பு படிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா தலையைத் திருப்பி உன்னிப்பாகப் பார்த்தாள்.

"எங்க தொட்டா உயிரு வருது அதுக்கு?"

நான் செய்யும் எதைப் பற்றியும் அவள் அதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெட்டியை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினேன். "தோ பாரு, இந்த போர்டு நல்லா குந்தணும். ஒரு ஓரம் துளி தூக்கிகினாலும் போச்சி. கத்த ஆரம்பிச்சிடும்."

"துளி தூக்கனா போதுமா?"

"நூல் அளவு போதும்."

"ஐய, இன்னா பொட்டி இது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மாலை மறுபடி அலறல். புதனும் அப்படியே. ஒவ்வொரு முறையும் எடுத்துத் துடைத்து அமுக்கினால் சரியாகிவிடும். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து, பழைய சாக்கெட்டை ஈயத்தை உறிஞ்சிக் கழற்றிவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய புது சாக்கெட்டை வைத்தேன். அன்று இரவு படுக்கும் வரை ஓடியது. திங்கள் மாலை, அலறல்.

அந்த வாரங்களில் நான் சந்தேகப்படாத பொருள் அந்த வீட்டில் இல்லை. பட்டறைகள் ஓடும் வேலை நாட்களில் வோல்டேஜ் குதிக்கிறதோ என்று ஸ்டெபிலைசர் போட்டேன். மொட்டை மாடிச் சூடு நேராக எங்கள் தலையில் இறங்கும். வெயிலில் விரிந்து மாலையில் சுருங்கிச் சுருங்கி, ஐசி தானாகவே சாக்கெட்டை விட்டு மேலே ஊர்ந்து வருவது பழைய கணினிகளில் உண்டு. அதுதான் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். கடையில் சும்மா கிடந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, நான் இல்லாத நேரத்திலும் பெட்டியைப் பார்த்துச் சுற்றும்படி வைத்துவிட்டுப் போனேன். அம்மாவுக்கும் காற்று வந்தது. பழுது போகவில்லை.

ஒவ்வொரு மாலையும் செருப்பைக் கழற்றுமுன் சுவிட்சைப் போடுவேன். கத்தும். கடையில் பகல் முழுக்க அடுத்தவர்களின் பழுதைச் சரி செய்துவிட்டு வந்து, என் மேசையில் அன்று காலை சரியாக இருந்த ஒன்று மறுபடி செத்துக் கிடப்பதைப் பார்க்கையில் எனக்குக் கண்ணில் நீர் முட்டும். ஒருநாள் முட்டுவதோடு நிற்கவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். டிவி சீரியலைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டுப் பார்த்தாள்.

பெங்களூர்க்காரருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னைக்கெல்லாம் ஓடுது?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஓடுதுங்க. நாள் பூரா."

அவர் சிரித்தார். "கிழமை எதுன்னு ஐசிக்குத் தெரியாதுங்க. மனுஷங்களுக்குத்தான் தெரியும். நீங்க இல்லாதப்ப வீட்டுக்கு யார் வர்றாங்கன்னு பாருங்க."

யார் வருகிறார்கள்? எதிர் வீட்டு அக்கா ஒருத்திதான்.

அன்று மாலை அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது மெதுவாகக் கேட்டேன். "அக்கா மத்தியானம் வந்தா பொட்டியாண்ட போறாங்களா?"

அம்மா இரண்டு வாய் விழுங்கினாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "சோறு ஊட்டுறவள பத்தி நான் இன்னான்னு சொல்லுவேன்."

"சொல்லுமா."

"தூக்கி தூக்கி பாக்குறா. மூடிய தொறக்குறா. விரல வுட்டு நோண்டுறா. 'வேணாம்மா, எம்பொண்ணு உயிரா வெச்சிகினு கீறா'ன்னு சொன்னேன். படுத்துகினு கீற கெழவி பேச்ச எவ கேக்குறா?"

'எம்பொண்ணு' என்று அவள் சொன்னதில் நான் விழுந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கிண்ணத்தை வைத்துவிட்டு நேராக வெளியே போனேன். அக்கா மாடி வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாடி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்த நேரம் அது. அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"எங்க வூட்டு சாமான தொடறதுக்கு உங்களுக்கு இன்னா அவசியம்?" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே அம்மாவின் குரல் மாதிரி கேட்டது. என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. சாவி கொடுத்தது தப்பு, நோண்டுகிற புத்தி, நம்பினேனே என்றெல்லாம் சொன்னேன். வாசல்களில் பேச்சு நின்றது.

அக்கா துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். என் பின்னால் திறந்திருந்த கதவு வழியாக அம்மாவின் கட்டிலை ஒருமுறை பார்த்தாள். "உங்கம்மா பீத்துணிய அலசன கைம்மா இது" என்றாள். இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்து என் காலருகே போட்டாள். "எடுத்துக்கோ. உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

உள்ளே வந்தேன். அம்மா கேட்டாள், "இன்னா சொன்னா?"

"சாவிய குடுத்துட்டாங்கோ."

"பாத்தியா. குத்தமுள்ள நெஞ்சு" என்றாள் அம்மா. மீதிக் கஞ்சியையும் குடித்தாள்.

மறுநாளிலிருந்து மத்தியானம் நானே பஸ் பிடித்து வந்து அவளைக் கவனித்துவிட்டு ஓடினேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். வெயிலில் பஸ்ஸுக்குள் வெந்துகொண்டு நிற்பேன். கடை முதலாளி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நான் உள்ளே நுழையும்போது கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். மாலையில் வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டேன்.

கணினி அலறியது.

அந்த அலறலை நான் நிறுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறவள் மாதிரி மூச்சு விட்டாள். பெட்டி அத்தனை சத்தம் போடும்போது.

அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் இன்னொரு தடவை வாய் திறக்க எனக்குப் பயமாக இருந்தது. தொழிற்சாலையில் சோதித்து முடித்த போர்டை யாராவது அப்புறம் தொட்டார்களா என்று தெரிய, திருகாணித் தலையும் போர்டும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு வார்னிஷ் வைப்போம். காய்ந்த பிறகு யாராவது அசைத்தால் விரிந்துவிடும். மறுநாள் காலை கிளம்புமுன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ரோம் போர்டும் சாக்கெட்டும் சேரும் விளிம்பில் நான்கு மூலையிலும் வைத்தேன்.

அம்மா பார்த்துச் சிரித்தாள். "பொட்டிக்கு மருதாணி வெக்கிறியா? கல்யாணமா அதுக்கு?"

"ஆமா" என்றேன்.

அன்று மத்தியானம் வந்தபோது பூச்சு நான்கு மூலையிலும் முழுதாக இருந்தது. மாலையில் வந்தேன். சுவிட்சைப் போடவில்லை. மூடியை எடுத்துப் பார்த்தேன். கட்டில் பக்கத்து இரண்டு மூலைகளில் பூச்சு விரிந்து உதிர்ந்திருந்தது. போர்டு அந்தப் பக்கம் நூல் அளவு தூக்கியிருந்தது. மேசை விளிம்பில் சிவப்புத் தூள். அம்மாவின் போர்வையில் இன்னும் கொஞ்சம். தலையணைக்கு அடியில் கை விட்டேன். கஞ்சி குடிக்கும் ஸ்பூன் இருந்தது, காம்பு லேசாக வளைந்து. அவள் வலது கட்டை விரல் நகத்தோரம் ஒரு சிவப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீயா?" என்றேன்.

அம்மா மறைக்கவில்லை. பிடிபட்ட முகமே இல்லை அது. "நான் தான். இன்னா இப்போ?"

"ஏம்மா?"

"ஏன்னா? நாள் பூரா இந்த செவுத்த பாத்துகினு கெடக்குறேன். ஈ மூஞ்சில குந்தனா இந்தப் பக்கத்து ஈய ஓட்ட முடியாது. சாயங்காலம் நீ வருவ. சுச்சு போடுவ. அது கத்தும். உன் மூஞ்சி தொங்கும். எனக்கு அதான் சீரியலு."

நான் ஸ்பூனை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"அன்னிக்கி அழுத பாரு," என்றாள். "உன் புருஷன் வுட்டுட்டு போனப்பகூட நீ அப்டி அழல. நான் பாத்தேன்."

"அந்த அக்காவ எதுக்கும்மா இழுத்துவுட்ட?"

"நீ கேட்ட, நான் சொன்னேன். சண்ட போட்டது நீ தான?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனால்தான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கிய கையைப் பார்த்து அவள் கண் சுருங்கவுமில்லை. வாழ்நாள் முழுக்க ஓங்கிய கைகளுக்கு நடுவே ஏலம் விட்டவள். நான் கையை இறக்கி, மேசையைச் சமையல் மூலைக்கு இழுத்துப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டேன். கட்டிலிலிருந்து பார்த்தால் திரையின் முதுகு மட்டும் தெரியும்.

மறுநாள் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்," என்றாள். "ஸ்பூன வெச்சிகினு அது நெம்பறத நானே பாத்தேன். 'ஐயோ வேணாம்மா, பாவம்மா உன் பொண்ணு'ன்னேன். 'அவளாண்ட சொன்னன்னா, நீ தான் ஒடச்சன்னு சொல்லிடுவேன்'னுச்சி. இருந்தாலும் உன்னாண்ட சொல்லலாம்னு தான் இருந்தேன். எப்டி சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிச்சிகினு இருந்தேன். நீ முந்திகின."

"தப்புக்கா. அன்னிக்கே நீங்க சொல்லிருக்கலாமே."

"சொல்ல வுட்டியா? மாடில எல்லா சனமும் நின்னுச்சி. இப்போ நீ மெதுவா வந்து என் வூட்டு வாசல்ல சொல்ற. அவங்க காதுல வுழுவுமா இது?" கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல்தான் சாத்தினாள்.

பெங்களூர் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எர்ணாவூரில் இருக்கும் தம்பியை போனில் கூப்பிட்டேன். அவன் மனைவி பின்னாலிருந்து முடியாது என்று சொல்வது எனக்குக் கேட்டது. அவன் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னான். கோயிலில் விசாரித்ததில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் சில நாட்களுக்கு மட்டும்கூட நோயாளிகளை வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. போய்ப் பேசிவிட்டு வந்தேன். வந்து அம்மாவிடம் சொன்னேன்.

முதலில் வைதாள். நான் கேட்டிராத வார்த்தைகள் ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பெற்ற நாளை வைதாள். நான் பையில் அவள் நைட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் மெல்ல இறங்கியது.

"அங்க கொண்டுபோயி போட்டா திரும்பி வர மாட்டாங்கடி. எத்தினி பேர பாத்துருக்கேன்."

"மூணே நாளு தான்."

"இனிமே தொட மாட்டேண்டி. கைய கட்டி போட்டுட்டு போ. எதிர் வூட்டுக்காரி கால்ல வேணா வுழுவுறேன், இட்டுகினு வா அவள." கடைசியில், "யம்மா" என்றாள் என்னைப் பார்த்து. "வேணாம்மா."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டே கடைசி நைட்டியையும் மடித்து வைத்து ஜிப்பை இழுத்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நன்றாக இருந்தது.

பெங்களூரில் ஒரு கல்லூரி ஹால். நீள மேசைகளில் பழைய கணினிகள் வரிசையாக இருந்தன. எனக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்து, ஒயர் இணைத்து, சுவிட்சைப் போட்டேன். அத்தனை பேர் நடுவே அது அலற ஆரம்பித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போர்டை எடுத்து அமுக்கினேன். ஓடியது. கையை எடுத்ததும் மறுபடி அலறியது. பெங்களூர்க்காரர் லென்ஸ் வைத்த விளக்கோடு வந்து பார்த்தார். தலை நரைத்த, மெதுவாகப் பேசும் மனிதர்.

"சாக்கெட்டுக்குள்ள போர்டு காலைப் பிடிச்சுக்கிற நாக்கெல்லாம் விரிஞ்சுபோச்சுங்க. புது சாக்கெட் மாதிரிதான் தெரியுது. யாரோ ஒரே பக்கமா திரும்பத் திரும்ப நெம்பியிருக்காங்க. யாருங்க இப்படிப் பண்ணினது?"

"வீட்ல எலி இருக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சோல்டரிங் அயர்ன் இருந்தது, மாற்றச் சரியான சாக்கெட் யாரிடமும் இல்லை. ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. ஆகவே இரண்டு நாளும் நான் மேசைக்குப் பின்னால் நின்று, மூடி திறந்த கணினிக்குள் கட்டை விரலால் போர்டை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் வந்து விசைகளைத் தட்டினார்கள், விளையாடினார்கள். நிற விசிறி விரிந்தது. ஒருவன் "ஆன்ட்டி, விரல எடுத்தா என்னாகும்?" என்று கேட்டான். எடுத்துக் காட்டினேன். அது கத்தியதும் குதித்துச் சிரித்தார்கள். 'இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி' என்றார்கள். அதன் பிறகு நான் வைத்திருந்த கணினியைப் பார்க்க வந்தவர்களை விட, அதைக் கத்த வைக்க வந்தவர்கள்தான் அதிகம். விரல் மரத்து நகம் நீலம் பாரித்துவிட்டது.

திரும்பியதும் நேராக இல்லத்துக்குப் போனேன். நீளமான வார்டு, சுவரில் திரு இருதயப் படம். அம்மாவைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஏதோ சொல்ல, அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலை வாரி, பவுடர் போட்டுவிட்டிருந்தார்கள். நான் அவளை அப்படிப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பக்கத்துக் கட்டில் அம்மாள் கேட்டாள், "நீ யாரும்மா?"

"இவங்க பொண்ணு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "இன்னா இது? உன் பொண்ணு செத்துட்டான்னு சொன்ன? ஏதோ பொட்டிய நோண்டிகினு இருந்தப்போ கரண்டு அடிச்சின்னு? நாங்கல்லாம் ராத்திரி ஜெபமாலை சொன்னோமே அதுக்கு!"

ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வந்துட்டா பாரு," என்றாள் அம்மா. "ஜெபமாலை வீணா போச்சி."

ஒரு கணம் தயங்கிவிட்டு அத்தனை பேரும் மறுபடி சிரித்தார்கள். அடக்க முடியாமல் சிரித்தார்கள். நான் அவர்களுக்கு நடுவே அவள் நைட்டிகளைப் பையில் எடுத்து வைத்தேன். "இங்கயே இருக்கேனே. இங்க பேச்சுக்கு ஆள் கீது," என்றாள் என்னிடம், மெதுவாக. நிரந்தரமாக வைக்க இடமில்லை என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொன்னேன். ஆட்டோவில் வரும்போது என் தோளில் சாய்ந்தபடி, அங்கே சோற்றில் உப்பே இல்லை என்று வழி முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் வர ஆளில்லாததால் கடை வேலை நிலைக்கவில்லை. முதலாளி நல்ல மாதிரி. போர்டுகளை வீட்டுக்கே அனுப்புகிறேன், அங்கிருந்தே சரி செய்து கொடு என்றார். இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். எதிர் வீட்டு அக்கா படியில் எதிரே வந்தால் சுவர் பக்கம் ஒதுங்கி எனக்கு வழி விடுவாள், தெரியாதவர்களுக்கு விடுவது மாதிரி. கணினிக்குக் கொஞ்சம் உறுதியான சாக்கெட்டாகத் தேடிப் போட்டேன். அதன் பிறகு அது ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

இன்வெர்ட்டர் போர்டுகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருப்பதை அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் சாயும் நேரத்தில் சில நாள் கேட்பாள்.

"அந்த கலர் கலரா விரியுமே, அத்த போடேன். இந்தப் பக்கம் திருப்பி வெய்யி."

"வேல கீதும்மா."

"தோ, துளி நேரம். பாத்துட்டு நிறுத்திடு."

வேலை ஒன்றும் இருக்காது அப்போது. நான் போட மாட்டேன்.